மணி ஆறு

சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. இனி மூச்சுகூட எழுதிக் கொடுத்தபடிதான் விட வேண்டும். மேஜைக்கு அந்தப் பக்கம் கல்லூரிப் பேராசிரியர் அருளானந்தம், மைக்கைப் பரீட்சையில் தோற்ற பையனைப் பார்ப்பதுபோல் பார்த்து, "அன்பார்ந்த நேயர்களே, ஒலி என்பது யாது?" என்று கேட்டார். இந்தப் பக்கம் உலகநாயகி, வளையல்களைக் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள், மைக்கில் கலகலவென்று கேட்கிறது என்று சேர்ந்த அன்றைக்கே சொன்னார்கள். கழற்றுவதாவது! கடல் தாண்டிப் போன புருஷன் எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று ஒரு தகவலும் இல்லாத காலத்தில் வெறுங்கையோடு உட்காரவா? கைக்குட்டை கட்டிக்கொள்கிறேன் என்றாள். காது மட்டும் இருக்கிற மைக்குக்கு வளையல் தெரியக் கூடாது, கண் இருக்கிற சாமிக்குத் தெரிந்தால் போதும். இப்போது அந்தக் கைக்குட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. மின்விசிறி கிடையாது, அது சுற்றினால் மைக்கில் ஆகாய விமானம் மாதிரிக் கேட்கிறதாம், ஏற்கெனவே ஜப்பான்காரன் பயத்தில் இருக்கிற ஜனங்கள் படுக்கையைச் சுருட்டிவிடுவார்களாம். சுவரெல்லாம் கோணிப்பை, தரையெல்லாம் ஜமக்காளம், ஜன்னலெல்லாம் கறுப்புத் தாள். யுத்தத்துக்கென்று சேத்துப்பட்டில் ஒரு வாடகை பங்களாவைப் பிடித்து அவசர அவசரமாகத் திறந்த நிலையம் இது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தமிழர்களுக்குச் சாயங்காலம் கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் படிப்பு, கொஞ்சம் தைரியம், இந்த மூன்றையும் காற்றில் அனுப்பி வைப்பதுதான் இதன் உத்தியோகம். இந்த அறை முன்னால் யாரோ துரைசானியின் குளியலறையாக இருந்ததாம். மூலையில் இன்னும் ஒரு குழாய் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அது சொட்டுகிறதா? சொட்டினால் பினாங்கில் கேட்குமா? சொட்டட்டும், சொட்டி இந்த பங்களாவே மிதக்கட்டும். எதிர்ச் சுவரில் இருக்கிற கடிகாரத்தின் சின்ன முள் மட்டும் அந்த எண்ணைப் போய்த் தொடாமல் இருந்தால் போதும்.

எந்த எண் என்று அவளைக் கேட்டால் சொல்ல மாட்டாள். நாம் சொல்லலாம், நமக்கென்ன, ஆறு. அவளுடைய மாமனார் பெயர் ஆறுமுகம் பிள்ளை. அந்த முள் ஆறில் வந்து நின்றதும் அவள் மைக்கில் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், தணிக்கை அதிகாரியின் ஊதா முத்திரைக்குக் கீழே அது எழுதியிருக்கிறது, "இந்தியாவில் இப்பொழுது மணி ஆறு." மாமனாராவது போகட்டும், அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்று. அவருக்கு முன்னால் நிற்கிற அந்தச் சொல் இருக்கிறதே, அதுதான் உயிரை எடுக்கிறது. ஏனென்றால் அவள் புருஷன் பெயர் தெய்வமணி. தெய்வத்தை விட்டுவிட்டு ஊரெல்லாம் மணி, மணி என்றுதான் கூப்பிடும். ஊர் கூப்பிடலாம், பெற்றவள் கூப்பிடலாம், தோட்டத்துத் துரை கூப்பிடலாம், கட்டினவள் மட்டும் கூப்பிடக் கூடாது. சொன்னால் அவர் ஆயுசு குறையும். கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து உலகநாயகி அந்தச் சொல்லை வாயில் எடுத்ததில்லை. கடிகாரம் பார்த்தால் "எட்டு அடிச்சிட்டு" என்பாள். மலாயாவிலிருந்து மணியார்டர் வந்தால் "துட்டு வந்திருக்கு" என்பாள். ஒரு தடவை மணிக்கட்டில் சுளுக்கிக்கொண்டு வைத்தியரிடம் போனபோது "கையி முடிஞ்சி முழங்கை ஆரம்பிக்கதுக்கு முந்தி" என்று விளக்கி, அவர் முழங்கையில் கட்டுப்போட்டு அனுப்பி, அந்தக் கட்டோடு ஒரு வாரம் நடமாடியிருக்கிறாள். இதிலெல்லாம் அவளுக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. பாதையில் கல் கிடந்தால் சுற்றிக்கொண்டு போவதில்லையா, அந்த மாதிரிதான். இந்த நிலையத்தில் சேர்ந்த பிறகும் பெண்கள் பகுதிக்குத் தானே எழுதித் தானே வாசித்தாள். கோதுமையைப் பற்றி எழுதினாலும் கோதுமை மணி என்று எழுதாமல் பார்த்துக்கொண்டாள். நேரம் சொல்வது அறிவிப்பாளர் கோதண்டபாணியின் வேலை. அந்தக் கோதண்டபாணி நேற்றைய நாடகத்தில் இரணியன் வேஷம் கட்டினார். இரணியன் பேசும்போது நேயர்களுக்கு ஹிட்லர் ஞாபகம் வர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அவர் போட்ட சத்தத்தில் ஹிட்லருக்கு என்ன ஆயிற்றோ, இவர் தொண்டை போயிற்று. மத்தியானம் உலகநாயகி அவரிடம் போய், அண்ணாச்சி, நேரம் மட்டும் நீங்க சொல்லிருங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன் என்று கெஞ்சினாள். நல்ல மனுஷர், முயன்று பார்த்தார். "மணி" என்றார். எண்ணெய் காணாத கதவு மாதிரி இருந்தது. உடனே டியூட்டி ஆபீசர் அவரைச் சுக்குக் கஷாயம் குடிக்க அனுப்பிவிட்டு, "இன்னிக்கு எல்லா அறிவிப்பும் நீங்கதாம்மா" என்று இவள் கையில் தாளைக் கொடுத்துவிட்டார்.

"கல்லைக் குளத்தில் எறிந்தால் அலை எழுகிறதன்றோ?" என்று கேட்டார் பேராசிரியர். ஆமாம், ஆமாம், எழுகிறது. இன்றைக்கு ஐந்துக்கு எழுந்ததே ஓர் அலை. நிலையம் திறக்கிற அறிவிப்பில் "மணி ஐந்து" என்று இருந்ததை அவள் சாமர்த்தியமாக "நேரம் ஐந்து" என்று சொன்னாள். சொல்லி முடித்து, பரவாயில்லையே, பிழைத்தோம், ஆறுக்கும் ஏழுக்கும் இப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்து, இசைத்தட்டு முள்ளை வைத்துவிட்டு நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டியூட்டி ஆபீசர் ரங்காச்சாரி எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் வேலை என்னவென்றால், இவர்கள் பேசப் பேச முத்திரைத் தாளில் ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்துக்கொண்டு போவது. விரல் ஒரு சொல்லிலும் வாய் ஒரு சொல்லிலும் இருந்தால் ராஜத் துரோகம். கதவைத் திறந்துகொண்டு வந்தார். "ஏம்மா, மணின்னு போட்டிருக்கு, நேரம்னு ஏன் சொன்னேள்?" "ரெண்டும் ஒண்ணுதானே சார்." "ஒண்ணா? யாருக்கு ஒண்ணு? எவனோ ஒருத்தன் அங்க உக்காந்துண்டு, மணின்னா கப்பல் புறப்படலை, நேரம்னா கப்பல் புறப்பட்டாச்சுன்னு சங்கேதம் வச்சிண்டிருந்தா? போன மாசம் பாட்டுல மழைன்னு ஒரு வார்த்தை வந்ததுக்கே என்னைப் பிடிச்சு உலுக்கிட்டா." அது வாஸ்தவம். வானிலை பற்றி மூச்சு விடக் கூடாது என்று விதி. அன்றிலிருந்து அமிர்தவர்ஷிணி ராகத்தையே இந்த நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். பாடப் போய் மழை பெய்து தொலைத்தால் எதிரிக்குத் தெரிந்துவிடுமே. "இன்னொரு தடவை மாத்தினேள்னா என் கையில இல்லை. உங்களை மைக்குப் பக்கமே விடமாட்டா. என்ன காரணம்மா, சொல்லுங்கோ, நான் யார்கிட்டயும் சொல்லலை." உலகநாயகி வாயைத் திறந்தாள். என்ன சொல்வாள்? போன வாரம் இதே மைக்கில் "மூட நம்பிக்கைகளை விட்டொழிப்போம்" என்று பேசியவள் அவள். காலரா ஊசி போட்டுக்கொள்ளப் பயப்படுகிறவர்களை எல்லாம் வெளுத்து வாங்கினாள். பூனை குறுக்கே போனால் பூனைக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம் என்றாள். ரங்காச்சாரியே கண்ணாடிக்குப் பின்னால் கைதட்டினார். அந்த வாயால் இப்போது, சார், புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் சார் என்று சொல்வதா? சொல்ல முடியாமல் தாலியைத் தொட்டுக் காட்டினாள், பிறகு கடிகாரத்தைக் காட்டினாள். ரங்காச்சாரி அதைத் தன் போக்கில் புரிந்துகொண்டு, "ஆத்துக்குப் போகணுமா? ஏழரைக்கு முடிஞ்சுடும்மா, செத்தப் பொறுத்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மைக்குப் பக்கமே விடமாட்டார்கள். அதைத்தான் அவள் மனசு செக்கு மாடு மாதிரிச் சுற்றிச் சுற்றி வந்தது. சம்பளம் போனால் போகிறது, சிந்தாதிரிப்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் மறுபடி பாடம் எடுக்கக் கூப்பிடுவார்கள். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் எவ்வளவு கத்தினாலும் கூவம் வரைக்கும்தான் கேட்கும். இந்த மைக் ஒன்றுதான் ஈப்போ வரைக்கும் போகிறது. ஈப்போவுக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டம், அதில் அவர் கிராணி, கணக்குப் பிள்ளை வேலை. ஜப்பான்காரன் இறங்கினதிலிருந்து கடுதாசி இல்லை, தந்தி இல்லை, கப்பல் இல்லை. கப்பல் சேதி பட்டணத்தில்தான் முதலில் தெரியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அத்தையும் அவளும் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறினார்கள். அது என்ன சமயம்! குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே ஓடிக்கொண்டிருந்தது. எதிர் ரயில்களில் ஜனம் கூரை மேல் உட்கார்ந்து போயிற்று. இவர்கள் ரயிலில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தார்கள். எழும்பூரில் இறங்கியதும் டிக்கெட் வாங்குகிறவர், "அம்மா, தப்பான வண்டியில ஏறிட்டீங்களா?" என்று கேட்டார். "சரியான வண்டிதாம்யா, எம்மவன் இந்தப் பக்கமாத்தான் போனான்" என்றாள் அத்தை. ஒரு வகையில் ஜப்பான்காரனுக்கு நன்றி சொல்ல வேண்டும், வாடகை பாதிக்குப் பாதி. அத்தை இப்போது எங்கே இருப்பாள்? பக்கத்து வக்கீல் வீட்டுக் கூடத்தில் ரேடியோப் பெட்டிக்கு நேர் எதிரே, வெளுத்த சேலை கட்டி, திருநீறு பூசி, கோயிலுக்குப் போனவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். அந்தப் பெட்டியில் சிற்றலை கிடைக்கும். தினமும் இவள் வீடு திரும்பியதும் அத்தை கேட்பது ஒரே கேள்வி. "இன்னைக்கு அவன் கேட்டிருப்பானாளா?" "கேட்டிருப்பாக அத்தை." "கப்பல் போவாத ஊருக்கு உன் சத்தம் போவுதுல்லா, கேட்டிருப்பான்." அவ்வளவுதான் பேச்சு, பிறகு சோறு. அத்தை, நாளைலருந்து நான் ரேடியோவுல பேச மாட்டேன், வேலை போயிட்டு என்று எந்த வாயால் சொல்வது? சரி, சொல்லிவிடலாம் அந்தச் சொல்லை, வேலை தப்பும். ஆனால் அத்தை அல்லவா கேட்டுக்கொண்டிருப்பாள்! ஆறுமுகம் பிள்ளை போன பிறகும் அந்த எண்ணை வாயால் சொல்லாதவள். அஞ்சு, அஞ்சுக்கு அங்கிட்டு, ஏழு என்று எண்ணுவாள். முருங்கைக்காய் வாங்கினால் ஐந்து வாங்குவாள் அல்லது ஏழு வாங்குவாள். மாமா இப்ப இல்லையே அத்தை, இனிமே ஆயுசு எப்படிக் குறையும் என்று இவள் ஒரு நாள் கேட்டதற்கு, "மரியாதை குறையும்லா" என்றாள். கடிகாரத்தை எல்லாம் சர்க்கார் ஒரு மணி முன்னால் தள்ளி வைத்தபோது, "மணியத் தள்ளி வைக்கதுக்கு இவனுவ யாரு?" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பேர்ப்பட்டவள் காதில், மகன் பேரும் புருஷன் பேரும் ஜோடியாக, மருமகள் வாயிலிருந்து, மலாயா முழுக்கக் கேட்கும்படியாக!

"மின்காந்த அலையானது ஒரு வினாடிக்குள் இப்பூவுலகை ஏழு முறை சுற்றிவிடும்!" என்றார் பேராசிரியர். உலகநாயகிக்குத் திக்கென்றது. ஏழு முறையா? வினாடிக்குள்ளா? அப்படியானால் அவள் ஒரு தடவை சொன்னால் ஏழு தடவை சொன்ன மாதிரியா? ஆயுசு சொல்கிற வாய்க்குக் குறையுமா, கேட்கிற காதுக்குக் குறையுமா? வாய்க்கு என்றால் ஒன்று. காது என்றால் எத்தனை பெட்டி, எத்தனை காது, கடவுளே! ஒரு சொல்லுக்கு ஒரு நாள் என்று வைத்தாலும் ஒரே சாயங்காலத்தில் மனுஷரைக் கிழவராக்கிவிடலாம் போலிருக்கிறதே. ஆனால் இந்த விதியை ஏற்படுத்தினவர்கள் காலத்தில் ரேடியோ ஏது? அடுப்படியில் நின்று பேரைச் சொல்லுகிற பெண்டாட்டிக்குத்தானே விதி. மைக்குக்கும் அது பொருந்துமா? யாரைக் கேட்பது? எதிரே இருக்கிறவர் விஞ்ஞானம் படித்தவர். ஐயா, அலைக்கு ஆயுசு உண்டா, ஆயுசுக்கு அலை உண்டா என்று கேட்டால் அவரே பயந்துபோவார். இன்னொரு வழியாகப் பார்த்தால், அவள் சொல்லப்போவது கடிகார மணியைத்தானே தவிர ஆளை இல்லையே. கோயிலில் பெயர் சொல்லி அர்ச்சனை செய்யும்போது ஊரில் அந்தப் பெயர் உள்ளவனெல்லாம் வந்து பிரசாதம் கேட்கிறானா? இல்லை. ஆக, மனசில் ஆளை நினைக்காமல் கடிகாரத்தை நினைத்துச் சொன்னால் கணக்கில் வராது. கடிகாரத்தை நினை. வட்டமான கடிகாரம். வட்டமான முகம். நெற்றியில் ஒரு தழும்பு, சின்ன வயசில் தாமிரபரணிப் படித்துறையில் வழுக்கி விழுந்த தழும்பு. சிரித்தால் அது கொஞ்சம் மேலே ஏறும். போச்சு, கடிகாரம் போய் ஆள் வந்துவிட்டார். அவள் சட்டென்று மூலைக் குழாயைப் பார்த்தாள். குழாயை நினை. குழாய்க்குப் பெயர் கிடையாது, ஆயுசும் கிடையாது, அது பாக்கியசாலி.

பேராசிரியர் ஒரு தாளைத் திருப்பினார். சத்தம் கேட்காமல் திருப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்ததால், பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் மாற்றிப் போடுவதுபோல் திருப்பினார். உலகநாயகிக்குத் துறைமுகம் ஞாபகம் வந்தது. வரக் கூடாது என்று எத்தனை நாளாகத் தள்ளி வைத்திருந்தாள், இந்தக் குழாயைப் பார்த்ததும் வந்துவிட்டது, அங்கேயும் இப்படித்தான் ஒரு குழாய், கப்பலுக்குத் தண்ணீர் ஏற்றுகிற பெரிய குழாய், அதன் மேல் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார், "ஏளா நாயகி, ஒருக்க, ஒரே ஒருக்க எம்பேரச் சொல்லேன். யாருக்குக் கேக்கப் போவுது, இந்தக் கப்பல் சத்தத்துல?" "நல்லா இருக்கே! கடல் பிரயாணம் போறப்ப எவளாவது சொல்லுவாளா?" "அப்ப திரும்பி வந்தா சொல்லுவியா?" "வாங்க, பாப்போம்." "சொல்லுதேன்னு சொல்லு, அடுத்த கப்பல்லயே வாரேன்." அவர் கேலிதான் செய்தார். எதற்கும் கேலிதான் அந்த மனுஷருக்கு. பொறுமை மட்டும் கிடையாது, இலை போட்டுச் சோறு வர ஒரு நிமிஷம் ஆனால் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவார். பிறகு சங்கு ஊதி, எல்லோரும் ஏற ஆரம்பித்து, அவர் டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஏணியில் பாதி தூரம் போய்விட்டார், திரும்பிப் பார்க்கவே இல்லை. பெட்டி மறைத்தது. ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கூப்பிட்டாள். எப்படிக் கூப்பிடுவாள்? "இந்தாங்க!" என்று கூப்பிட்டாள், தொண்டை கிழியக் கூப்பிட்டாள். ஏணியில் இருந்த அத்தனை ஆம்பிளைகளும் திரும்பினார்கள். எத்தனை பேருக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், எல்லாப் பெண்டாட்டிக்கும் அந்த ஒரே கூப்பாடுதானே! மீசை வைத்தவன், தலைப்பாகை கட்டியவன், வழுக்கை, கிழவன், எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். ஒருத்தர் மட்டும், யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, பெட்டியைத் தோள் மாற்றி வைத்துக்கொண்டு நேரே ஏறிப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற அத்தை, "நான் கூப்பிடுதேன்ளா" என்று "மணீ" என்று ஆரம்பிப்பதற்குள் கப்பல் இரண்டாவது சங்கை ஊதிவிட்டது. அன்று இரவு அதைச் சொல்லிச் சொல்லி அத்தையும் அவளும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், அத்தனை புருஷன்மாரும் திரும்பினானுவளே, அந்த வழுக்கையன் கீழ இறங்கியே வரப் பாத்தானே என்று. இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் தாங்க முடியவில்லை. ஒரு சொல். ஒரே ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் திரும்பியிருப்பார்.

"ஆதலால், நேயர்களே, காற்றில் விட்ட சொல் வீண் போவதில்லை!" என்று பேராசிரியர் முடித்துக்கொண்டு, முடித்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாகக் கண்ணாடியைக் கழற்றினார். உலகநாயகி தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்க, இதுவரை ஒலியைப் பற்றிப் பேசியவர் இன்னார், அடுத்து நாகசுவரம் என்று தாளில் உள்ளபடி சொல்லி, இசைத்தட்டில் முள்ளை வைத்தாள். கல்யாணி. மழை பெய்விக்காத, யாரையும் காட்டிக் கொடுக்காத, உத்தரவாதமான ராகம். பேராசிரியர் ரகசியக் குரலில், "எப்படி அம்மா, சரியாக இருந்ததா?" என்றார். "ஏழு தடவைன்னு சொன்னீங்களே சார், அது நிச்சயமா?" என்று கேட்டாள். "ஏழரை என்றும் சொல்லலாம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார். ஏழரை! சனியைப் பற்றி இந்த நேரத்தில் யார் கேட்டது? முள் ஏறிக்கொண்டே இருந்தது. அவள் வேறொன்றை நினைத்துக்கொண்டாள்: அவர் கேட்கிறாரா? அங்கே ரேடியோ கேட்டால் தலையை எடுத்துவிடுகிறானாம் ஜப்பான்காரன், அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். கேட்காதே என்று சொன்னால் கட்டாயம் கேட்கிற ஆள் அவர். யார் வீட்டிலோ, போர்வைக்குள்ளே, பெட்டியில் காதை வைத்துக்கொண்டு, உஸ், உஸ் என்று மற்றவர்களை அடக்கிக்கொண்டு. கேட்க வேண்டும் என்றும் இருந்தது, கேட்டுத் தொலைக்கக் கூடாதே என்றும் இருந்தது. நாகசுவரம் ஓய்ந்தது. தட்டில் முள் சும்மா கரகரவென்று ஓடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரங்காச்சாரி மூக்கைத் தாளில் வைத்துக்கொண்டு விரலைத் தூக்கினார். சிவப்பு விளக்கு.

"இந்தியாவில் இப்பொழுது," என்றாள் உலகநாயகி.

அதோடு நின்றுவிட்டது. வாய் திறந்திருக்கிறது, சொல் வரவில்லை. ரங்காச்சாரியின் விரல் அந்தச் சொல்லின் கீழே வந்து நின்று, இவளுக்காகக் காத்து, பிறகு தாளைத் தட்ட ஆரம்பித்தது. யுத்த காலத்தில் பாட்டு நிற்கலாம், பேச்சு நிற்கலாம், வானொலியில் மௌனம் மட்டும் இருக்கக் கூடாது. மௌனம் என்றால் நிலையத்தில் குண்டு விழுந்துவிட்டது என்று அர்த்தம். குழாய் ஒரு சொட்டுச் சொட்டியது. அது அவளுக்கு நன்றாகக் கேட்டது. அப்படியானால் அவருக்கும் கேட்கும். போர்வைக்குள்ளே அவர் காத்திருக்கிறார், என்ன இது, சத்தத்தையே காணோம் என்கிறார், பக்கத்தில் இருக்கிறவன் மூடு, மூடு, ஆள் வருகிறது என்கிறான். அவர் காத்திருக்க மாட்டார். சோறு வரவில்லை என்றால் எழுந்து போகிற மனுஷர். இதோ குமிழைத் திருகப் போகிறார், இதோ பெட்டியைத் தோள் மாற்றப் போகிறார், இதோ ஏணியில் ஏறி அந்தப் பக்கம் போய் மறையப் போகிறார். ஆயுசாவது, அலையாவது, இருந்தால்தானே குறையும்! ஐயோ, திரும்பிப் பாருங்களேன்!

"மணீ!" என்று கூப்பிட்டாள்.

ஒரு மூச்சு விட்டு, "ஆறு," என்றாள். சிவப்பு விளக்கு அணைந்தது. காது இரண்டும் ஙொய்யென்றது. மலாயா முழுக்க, பர்மா முழுக்க, அதைக் கேட்டவர்கள் எல்லோரும் இந்நேரம் தலையைத் திருப்பித் தங்கள் தங்கள் கடிகாரத்தைப் பார்த்திருப்பார்கள், முள்ளைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தாள். இந்தத் தடவை ஒருத்தர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்திருக்க மாட்டார். கைக்குட்டை எப்போது அவிழ்ந்தது என்று தெரியவில்லை. அடுத்த இசைத்தட்டை எப்படி வைத்தோம் என்றும் தெரியவில்லை, வைத்திருந்தாள், ஓடிக்கொண்டிருந்தது.

ரங்காச்சாரி வந்தார். தாளைக் கையில் பிடித்திருந்தார். "வார்த்தையெல்லாம் சரியா இருந்தது," என்றார் சந்தோஷமாகவும் இல்லாமல் கோபமாகவும் இல்லாமல். "ஆனா, அந்த ணி-யை நீட்டிப்டேள். தாள்ல குறில்தானேம்மா போட்டிருக்கு? போறாததுக்கு வளையல் சத்தம் வேற." "அடுத்த தடவை குறைச்சிக்கிடுதேன் சார்." அவர் பின்னாலேயே கோதண்டபாணி, கஷாயம் வேலை செய்த முகத்தோடு, கரகரவென்றாலும் மனுஷக் குரலில், "ஏழு மணி நான் சொல்லிடறேம்மா, தொண்டை தேவலை, பாவம், நீங்க தவிச்சுப் போயிட்டீங்க" என்றார். "வேண்டாம் அண்ணாச்சி!" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் ஓர் அடி பின்னால் போய்விட்டார். அப்போதுதான் ஆபீஸ் அறையில் டெலிபோன் அடித்தது. ரங்காச்சாரி எடுத்துக் கேட்டுவிட்டு, காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "உங்க மாமியார்னு நினைக்கறேன்" என்றார். வக்கீல் வீட்டிலிருந்து. அத்தை ஜன்மத்தில் டெலிபோனைத் தொட்டதில்லை. உலகநாயகி வாங்கிக் காதில் வைத்தாள். "ஏளா! நாயகி! கேக்கா?" "கேக்கு அத்தை." "கேட்டேன்ளா. ரெண்டு பேரு பேரையும் ஒரே மூச்சுல சொல்லிப் போட்டியே!" வக்கீல் வீட்டு ரேடியோ பின்னால் பாடிக்கொண்டிருந்தது, இவள் வைத்துவிட்டு வந்த அதே தட்டு. பிறகு அத்தை, இவ்வளவு நேரம் கத்தியவள், கூடத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல் மெதுவாகக் கேட்டாள்: "இன்னொருக்க எப்பளா சொல்லுவ?"

"ஏழுக்குச் சொல்லுவேன் அத்தை."

"ஏழுல உன் மாமா வர மாட்டாகளே."

"அவுக மகன் வருவாக, அத்தை."

"வரட்டும்," என்றாள் அத்தை. டெலிபோனை எப்படி வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பாட்டு இந்தக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.